குறளி என்ற சின்னவள்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். காதுக்கு மாற்றிக் கொடுத்த மருந்து ஏதாவது வேலை செய்ததா, இல்லை உலகம் இன்னும் பஞ்சு மூட்டைக்குள்தான் இருக்கிறதா? போனில் இரண்டு வார்த்தையில் தீர்கிற விஷயத்துக்கெல்லாம் உன்னால் நான் பேனா பிடிக்க வேண்டியிருக்கிறது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கை. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

ஒரு சந்தேகம். அகராதி ஆபீசில் சம்பளம் வாங்குகிறவள் நீ, அதனால் உன்னைத்தான் கேட்க வேண்டும். 'குறளி' என்றால் என்ன?

நேற்று நம் மிளகுக் குட்டியின் பள்ளிக்கூடத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். மணி அடித்து எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் வகுப்பு டீச்சரின் ஸ்கூட்டர் சாவியைக் காணோமாம். பள்ளிக்கூடமே தேடி, கடைசியில் சாக்பீஸ் டப்பாவுக்குள் அகப்பட்டிருக்கிறது. டீச்சர் நல்லவர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "சார், உங்க பொண்ணு பொண்ணே இல்ல சார், குறளி! இப்ப இருக்கற பொருள் இப்ப இருக்காது." நானும் சிரித்து வைத்தேன். வெளியே வந்ததும் என் விரலைப் பிடித்து இழுத்து, "குறளின்னா என்னப்பா?" என்றாள். குட்டிப் பேய் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆறு வயசு. அம்மா இல்லாத வீடு. "அத்தைகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று நழுவிவிட்டேன்.

வீட்டிலும் இதே கூத்துதான். காலையில் ஷூவில் ஒன்று இருக்கும், ஒன்று இருக்காது. போன வாரம் ஒரு துணிக்கடை லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார்கள், நான் ஒரு கால் ஷூவோடு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், சாயங்காலம் நான் திரும்பி வரும்போது காணாமல் போன பொருள் தன் இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். "நீ எடுத்தியா?" என்றால், "நான் இல்லப்பா. நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல இருக்கறவங்க" என்கிறாள். அப்படிச் சொல்லும்போது அவள் கண் எங்கோ தூரத்தில் இருக்கிறது.

அம்மா இறந்துவிட்டாள் என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. வெளியூரில் வேலை என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வாரம் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம், உனக்குத் தெரியுமே. எல்லாம் முடிந்து கூட்டிக்கொண்டு வரும்போது "அம்மா எங்கே?" என்றாள். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். அப்படியே நின்றுவிட்டது.

ஒரு விடுதிப் பள்ளி பார்த்து வைத்திருக்கிறேன். நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிடுகிற வேலையை வைத்துக்கொண்டு தனி ஆளாக நான் என்ன செய்வேன்? உன்னிடம் விடலாம் என்று கேட்டேன். "ராத்திரி அவ அழுதா எனக்குக் கேக்காதுடா" என்றாய். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். போகட்டும்.

ஒற்றை ஷூவோடு,
உன் தம்பி


ஜூன் 14

என் அன்புத் தம்பிக்கு,

கடிதம் வந்தது. உன் கையெழுத்தைப் படித்ததற்கே எனக்குத் தனியாகச் சம்பளம் தர வேண்டும்.

மருந்து ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. தூக்கத்தில் எனக்குக் காது கேட்கிறது. கனவில் குழாய் சொட்டுகிறது, தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எல்லாம் துல்லியமாக. போன வாரம் உன் மனைவி வந்தாள். அவள் வேலை பார்த்த கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டு, ஒரு மூக்குக்கண்ணாடியை 'ஹா' என்று ஊதித் துடைத்து என்னிடம் நீட்டினாள். அந்த 'ஹா'கூடக் கேட்டதடா. விழித்ததும் யாரோ ரேடியோவை அணைத்த மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் வெகுநேரம் அப்படியே படுத்திருந்தேன்.

சரி, உன் சந்தேகத்துக்கு வருகிறேன். என் மேஜையில் இப்போது 'கு' ஓடிக்கொண்டிருக்கிறது. நீ கேட்ட சொல் வரிசையில் சற்றுப் பின்னால் இருந்தது. உனக்காக முன்னால் இழுத்துக்கொண்டேன். பழைய பதிப்பில் 'சிறு பேய், மந்திரவாதியின் ஏவலைச் செய்வது' என்று போட்டிருக்கிறார்கள். குறளி வித்தை என்கிறோம் இல்லையா, இருக்கிற பொருளை இல்லாமல் ஆக்குவது, அந்தக் குறளி. அதையே அப்படியே போட்டுவிடலாம் என்கிறார் எங்கள் ஆசிரியர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் காற்புள்ளி. எந்த வாக்கியத்தையும் நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கித்தான் முடிப்பார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற எனக்கு அது ரொம்ப வசதி.

ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. சொல்லைப் பிரித்துப் பார். 'குறு' என்றால் சிறிய. அதிலிருந்து 'குறள்', குட்டையானது. குறளன் என்றால் குட்டையானவன். குறளி என்றால் குட்டையானவள், சின்னவள். முதலில் அவ்வளவுதான் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்புறம் எப்போதோ, வீட்டில் ஒரு பொருள் காணாமல் போய், யார் செய்தது என்று தெரியாதபோது, கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக ஒருத்தி இருக்கிறாள், அவள் எடுத்திருப்பாள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பேய் வேலை அவள் தலையில் ஏறியது அப்படித்தான் இருக்கும். நான் அங்கே இருந்து பார்க்கவில்லை, அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேய்க்கு முன்னால் அந்தச் சொல்லுக்குள் ஒரு சின்னப் பெண் இருந்தாள்.

மிளகிடம் அப்படியே சொல். குறளி என்றால் சின்னவள்.

அவள் அம்மா விஷயத்தைப் பற்றி நிறைய எழுதி, கிழித்துவிட்டேன். அதை அடுத்த கடிதத்தில் பார்க்கலாம். அதுவரை என்னென்ன பொருள் காணாமல் போகிறது என்று மட்டும் எழுது. சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

அன்புடன்,
உன் அக்கா


ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்னேன். தலை வாரிக்கொண்டிருக்கும்போது சொன்னேன், கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப குறளி கெட்டவ இல்லயா?"

"இல்ல. சின்னவ. அவ்வளவுதான்."

"சின்னவங்கறதால யாரும் அவகிட்ட எதையும் சொல்ல மாட்டாங்களா?"

சீப்பைக் கீழே வைத்தேன். சமையலறையில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

இந்த வாரம் இங்கே ஒரே மூடுபனி, மலை ஊருக்கு மழைக்காலம் வந்துவிட்டது. காலையில் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்று வேலை செய்தேன். மேலே எங்கோ ஒரு ஜன்னல் உடைந்திருக்கிறது போல, குழிக்குள் பனி இறங்கி நின்றது. டார்ச் அடித்தால் கம்பிகள் கொஞ்ச தூரம் தெரிகின்றன, அப்புறம் வெள்ளையில் கரைந்துவிடுகின்றன. மாடிக்கும் மாடிக்கும் நடுவில் வெறும் சுவர்தான் இருக்கும், அக்கா. இத்தனை வருஷமாகத் தொட்டுப் பார்த்த சுவர். ஆனாலும் மிளகு சொன்னதை நினைத்துக்கொண்டு அந்தச் சுவரை ஒரு தட்டு தட்டினேன். பைத்தியம் என்று நினைக்காதே. அங்கே இருப்பவர்களுக்குச் சின்னச் சின்னக் கட்டில் உண்டாம். விளக்கு உண்டாம். "ஆனா கதவே கிடையாதுப்பா. அதனால யாரும் எங்கயும் போக மாட்டாங்க."

காணாமல் போனவை கேட்டாயே. என் குடை. பஸ் பாஸ். இன்னொரு முறை ஷூ. டூல் பையின் தோள்வார். மாடி வீட்டு அக்கா ஒரு நாள் மிளகைப் பார்த்துக்கொள்ள வந்தார், திரும்பும்போது அவர் செருப்பு. பர்ஸை வெளியே போட்டு வைத்துப் பார்த்தேன், தொடவில்லை. பிஸ்கெட்டும் பத்திரமாக இருக்கிறது. என்ன கணக்கு இது என்று எனக்குப் புரியவில்லை.

விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. வருகிற லீவு முடிந்ததும் சேர்க்க வேண்டும். நீ சொல்லுக்கு அப்பா அம்மா தேடு. எனக்குக் குடையைத் தேடவே நேரம் சரியாக இருக்கிறது.

உன் தம்பி


ஜூன் 29

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை ஓடவில்லை.

குறளிக்குப் பக்கத்திலேயே 'குறும்பு' இருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்று உன்னைக் கேட்டால், சேட்டை என்பாய். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் பழைய வழக்கில் அதற்கு அரண் என்று ஒரு பொருள் உண்டு. காட்டுக்குள் சின்னத் தலைவர்கள் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சின்னக் கோட்டை. இந்த இரண்டு பொருளும் ஒரு சொல்லில் எப்படி வந்து சேர்ந்தன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது உன் குடையும் பஸ் பாஸும் நினைவுக்கு வந்தன.

தம்பி, கணக்கு புரியவில்லை என்றாயே. ஷூ, குடை, பஸ் பாஸ், பை, வந்தவரின் செருப்பு, டீச்சரின் சாவி. ஒருத்தர் வீட்டை விட்டுக் கிளம்ப எது எது வேண்டுமோ அதெல்லாம்தான் காணாமல் போகிறது. நீ திரும்பி வந்ததும் பொருளும் திரும்பி வருகிறது. அவள் சேட்டை செய்யவில்லை. வாசலில் கோட்டை கட்டுகிறாள். அவள் அம்மா ஒரு நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தானே, திரும்பி வரவில்லையே.

அவளிடம் சொல்லிவிடு. நல்ல நேரம் பார்க்காதே, அப்படி ஒன்று வராது. அவள் அம்மா எங்கோ வேலை பார்க்கிறாள், ஆனால் தன்னைப் பார்க்க ஒரு முறைகூட வரவில்லை என்று இத்தனை மாதமாக அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது. செத்துப் போவதைவிட அது கொடுமை இல்லையா? இந்த நிலையில் அவளை நீயும் ஒரு விடுதி வாசலில் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தால் என்ன ஆகும் என்று யோசி.

கோபப்படுவாய். பரவாயில்லை.

உன் அக்கா


ஜூலை 4

அக்கா,

நன்றாக எழுதியிருக்கிறாய். அகராதியில் சேர்த்துக்கொள்.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொல்லைப் பிரித்துப் பார்ப்பது மாதிரி என் பிள்ளையைப் பிரித்துப் பார்க்கிறாய். ஆஸ்பத்திரியில் அவள் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் பிள்ளையின் சட்டைக்கு இஸ்திரி போட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்தவன் நான். சொல்லிவிடு என்கிறாயே, எந்த வார்த்தையால் சொல்வது? உன்னிடம் அத்தனை வார்த்தை இருக்கிறதே, ஒன்றை அனுப்பேன் பார்க்கலாம்.

அவளைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள் என்று நான் கேட்டபோது முடியாது என்றவள் நீ. எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

தம்பி


ஜூலை 12

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை. பதில் சொல்லி வாதாட எனக்குத் தெம்பும் இல்லை.

கேட்டாயே என்று உட்கார்ந்து யோசித்தேன். என்னிடம் இருக்கிற வார்த்தைகளில் எதுவும் உதவாது. காலமானாள், மறைந்தாள், பிரிந்தாள், எல்லாமே அவள் எங்கோ போயிருக்கிற மாதிரிதான் இருக்கின்றன. போனவள் வருவாள் என்று பிள்ளை மறுபடி வாசலைப் பார்க்கும். 'செத்துப் போயிட்டா' என்கிற பச்சை வார்த்தையைத் தவிர வேறு கிடைக்கவில்லை. அதிலும் ஒரு 'போ' ஒட்டிக்கொண்டிருக்கிறது, பார்.

நேற்று கனவில் நீயும் நானும் ஒரு நீளமான ஹாலில் நடந்துகொண்டிருந்தோம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஜன்னல்கள், எல்லாவற்றிலும் விளக்கு. நீ விசிலடித்தாய். சின்ன வயதில் நீ அடிக்கிற அதே அபசுர விசில். நன்றாக இருந்தது.

கோபம் ஆறினால் எழுது. ஆறாவிட்டாலும் எழுது.

உன் அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டாதே. உன் கடைசிக் கடிதம் என் டூல் பையில்தான் இருந்தது. கிரீஸ் பட்டுப் பாதி எழுத்து போய்விட்டது. மீதியை மனப்பாடமாகச் சொல்வேன்.

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் பரிசோதனை. லீவு நாள், உள்ளே ஒருத்தரும் இல்லை, வாசலில் வாட்ச்மேன் மட்டும். மாடி வீட்டு அக்கா ஊரில் இல்லாததால் மிளகையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். பித்தான்களை எல்லாம் அவளே அமுக்கினாள். இரண்டு முறை மேலும் கீழும் போய் வந்தோம். மூன்றாவது முறை நாலாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. விளக்கு அணைந்து, ஆபத்துக்கு எரிகிற சின்ன நீல விளக்கு மட்டும் எரிந்தது. பார்த்தால், சிவப்பு ஸ்விட்சை அவள் இழுத்துவிட்டு, அதை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"மிளகு, நகரு. மேல போகணும்."

"வேண்டாம்ப்பா."

கதவு திறக்கிற மூணு மூலைச் சாவியைத் தேடினேன். பையில் இல்லை. "சாவி எங்க?"

அந்த நீல வெளிச்சத்தில் அவள் முகம் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "இங்கதான்ப்பா கதவு இல்ல. நாம இங்கயே இருக்கலாம். நீ போக வேண்டாம்."

அவளைத் தூக்கி நகர்த்திவிட்டு ஸ்விட்சைத் தள்ளினால் ஒரு நொடியில் லிஃப்ட் கிளம்பியிருக்கும், அக்கா. எத்தனை பேரை இப்படி வெளியே எடுத்திருக்கிறேன். அன்றைக்கு என்னவோ கை வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் வந்து மடியில் உட்கார்ந்தாள். கம்பிகள் எங்கோ மேலே லேசாக முனகிக்கொண்டிருந்தன. வெளியில் உலகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"அம்மாவையும் இங்க கூட்டிட்டு வந்துடலாமாப்பா?"

இதற்குமேல் எங்கே போய் ஒளிவது? உன் பச்சை வார்த்தையைத்தான் சொன்னேன்.

"அம்மா வெளியூருக்கு வேலைக்குப் போகலம்மா. அப்பா பொய் சொல்லிட்டேன். அம்மா செத்துப் போயிட்டா. அன்னிக்கே, பஸ்ஸுல. தலைக்குள்ள ஒரு ரத்தக் குழாய் வெடிச்சிடுச்சு."

அவள் என் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி போன்ல யார்கிட்டயோ சொன்னாங்க. ஆனா நீ சொல்லல. நீ சொல்லாததால நிஜமா இருக்காதுன்னு நெனச்சேன்."

அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் பெரிய இடி. "நான் அன்னிக்கு ஒளிச்சு வைக்கலப்பா."

"என்னத்தம்மா?"

"அம்மா செருப்ப. அதுக்கு முந்தின நாள் விளையாட்டுக்கு ஒளிச்சு வெச்சேன். அம்மாவுக்கு பஸ் போயிடுச்சு. இனிமே ஒளிச்சா பேச மாட்டேன்னு திட்டினாங்க. அதனால அன்னிக்கு ஒளிக்கல. ஒளிச்சிருந்தா போயிருக்க மாட்டாங்க இல்ல?"

இத்தனை மாதமாக இந்தச் சின்ன உடம்புக்குள் இதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள், அக்கா. நீ சொன்ன கோட்டை சரிதான். ஆனால் உள்ளே இருந்தது என்ன என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"இங்க பாரு" என்றேன். "அம்மா வீட்டுல இருந்திருந்தாலும் அந்தக் குழாய் வெடிச்சிருக்கும். உன் பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் வெடிச்சிருக்கும். செருப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ ஒண்ணும் செய்யல. நீ ஒண்ணும் செய்யாமலும் விடல."

"நிஜமாவா?"

"நிஜமா. நான் சொல்றேன் இல்ல."

அவள் காலுறையைக் கழற்றி, உள்ளேயிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். கதகதப்பாக இருந்தது. நான் எழுந்தேன். "இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள். மறுபடி உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் அம்மாவைப் பற்றிப் பேசினோம். முதல் தடவையாக. சோப்பு நுரையை மூக்கில் வைத்துக்கொண்டு அவள் செய்கிற கோமாளித்தனம், கண்ணாடி போடாதவர்களைப் பார்த்தால் அவளுக்கு வருகிற கோபம். கடைசியில் வாட்ச்மேன் வந்து கீழேயிருந்து கதவைத் தட்டி, "சார், மாட்டிக்கிட்டீங்களா?" என்று கத்தினார். லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? "ஆமாங்க, இப்ப வந்துடறோம்" என்றேன்.

அன்றிலிருந்து எதுவும் காணாமல் போகவில்லை. ஆனால் அவள் அழவும் இல்லை. ஒரு சொட்டு இல்லை. சாப்பிடுகிறாள், படிக்கிறாள், நான் கிளம்பும்போது ஷூவைத் தானே எடுத்து வந்து வைக்கிறாள். அதைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

லீவு வருகிறது. அவளைக் கூட்டிக்கொண்டு வந்து விடட்டுமா, கொஞ்ச நாளைக்கு? உன்னிடம் இரண்டாம் முறையாகக் கேட்கிறேன். முடியாது என்றால் இந்த முறை கோபப்பட மாட்டேன்.

உன் தம்பி


ஆகஸ்ட் 9

அன்புத் தம்பிக்கு,

கூட்டி வா.

நான் புத்திசாலி மாதிரி எழுதினேன். பிள்ளை உள்ளே வைத்திருந்தது எனக்கு எட்டவே இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். சத்தமாக அழுதேனா, மெதுவாக அழுதேனா என்று எனக்குத் தெரியாது. காற்புள்ளி வந்து பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே அவரிடம் குறளிக்காகச் சண்டை போட்டேன். 'சிறியவள்' என்பதை முதல் பொருளாகவும் பேயை இரண்டாவதாகவும் போட வேண்டும் என்றேன். "இப்போ, யாரும், அப்படிச் சொல்றதில்லயேம்மா" என்றார். ஒரு வீட்டில் சொல்கிறார்கள் என்றேன். என்ன நினைத்தாரோ, பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்துவிட்டார்.

அவளுக்குக் கனமான போர்வை வேண்டுமா, மெல்லியதா என்று மட்டும் எழுது.

உன் அக்கா


ஆகஸ்ட் 24

என் அன்புத் தம்பிக்கு,

மிளகு நலம். என் வீட்டுப் பொருள் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. என் கண்ணாடியை மட்டும் தினமும் வாங்கி 'ஹா' என்று ஊதித் துடைத்துத் தருகிறாள். எனக்குக் கேட்காது என்று தெரிந்ததும் என்னோடு வாயை நன்றாகத் திறந்து பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள். உன்னைவிடத் தெளிவாகப் பேசுகிறாள்.

நேற்று மதியம் நடந்ததைச் சொல்ல வேண்டும். தரையில் உட்கார்ந்து அச்சுப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முதுகில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் அது வழக்கமாகிவிட்டது. வெயில் பாயின் பாதி வரைக்கும் வந்திருந்தது, கொஞ்சம் கண் சொக்கியது எனக்கு. அப்போது முதுகில் ஏதோ அதிர்ந்தது. தெருவில் லாரி போனால் எனக்குத் தரை வழியாகத் தெரியும். லாரி என்றுதான் நினைத்தேன். ஆனால் அது போய்க் கடக்கவில்லை. விட்டு விட்டு, மேலும் மேலும், என் விலா எலும்புக்குள் வந்தது.

திரும்பினேன். வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள், தம்பி. பிறந்த குழந்தை மாதிரி, முகமெல்லாம் சிவந்து, கையில் பென்சிலோடு. வாய் 'அம்மா, அம்மா' என்றது. வாரி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அந்த அழுகை முழுவதும் என் எலும்பு வழியாக இறங்கியது. கேட்கிற காது இருந்த காலத்தில்கூட ஒரு அழுகையை நான் இப்படி அறிந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு அதிர்ந்தது. திறந்தால் பக்கத்து வீடு, எதிர் வீடு, கீழ் வீடு எல்லாரும் நிற்கிறார்கள். என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று கேட்கிறார்கள். தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. "ஒண்ணுமில்ல, அவங்க அம்மா செத்துப் போயிட்டாங்க, அதான் அழறா" என்றேன். ஒருத்தரும் வேறு எதுவும் கேட்கவில்லை. எதிர் வீட்டு அம்மா உள்ளே வந்து சும்மா எங்களோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அழுது முடித்து, என் மடியிலேயே தூங்கினாள். எழுந்ததும் பசிக்கிறது என்றாள். நிறையச் சாப்பிட்டாள்.

அவளை விடுதிக்கு அனுப்பாதே. ராத்திரி அழுதால் கேட்காது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, நிஜமாகவே பயந்துதான் சொன்னேன். இப்போது அந்தப் பயம் இல்லை. காற்புள்ளியிடம் பேசிவிட்டேன். 'கூ' வரிசையை, உன் வீட்டிலிருந்தே, பார்த்து அனுப்பலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். எத்தனை நாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். என் பெட்டி கனம், நிலையத்துக்கு வந்துவிடு. எனக்கும் ஒரு கட்டில் போட்டு வை. தனி அறை எல்லாம் வேண்டாம். அவள் கட்டிலோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிப் போடு.

உன் அக்கா